பிடிபட்டவரின் முதல் ஒரு மணி நேரம்

பாதுகாப்பு அமைச்சின் செயலாளருக்கும், முப்படை மற்றும் பொலிஸ் பயிற்சிக் கல்லூரிகளின் பொறுப்பதிகாரிகளுக்கும்,

1990 ஜூனில் இலங்கையின் கிழக்கில் பொலிஸ் நிலையங்களில் இருந்தவர்கள் மேலிடத்து உத்தரவுப்படி ஆயுதத்தை வைத்துவிட்டுப் புலிகளிடம் சரணடைந்தார்கள். பல நூறு பேர் திருக்கோவில் பக்கக் காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதே ஆண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி வந்தாறுமூலையில், கிழக்குப் பல்கலைக்கழக அகதி முகாமில் தஞ்சமிருந்தவர்களை வரிசையாகத் தலையாட்டிகளின் (முகத்தை மறைத்துக்கொண்டு, தலையசைத்து ஆளைக் காட்டிக்கொடுப்பவர்களின்) முன்னால் நடக்கவிட்டு, 158 பேரை இராணுவம் ஏற்றிச் சென்றது. அவர்கள் திரும்பவில்லை. இரண்டு இடத்திலும் கைக்குள் அகப்பட்டவரின் உயிர் பிடித்தவரின் விருப்பத்தில் தொங்கியது. இந்த இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லத் தயங்குகிறவர்கள் எங்கள் ஊர்களிலும் உண்டு. நாங்கள் தயங்கவில்லை.

எங்கள் கோரிக்கை இது: ஒருவர் பிடிபட்ட முதல் ஒரு மணி நேரத்தை, கையால் செய்து பழகும் தனிப் பாடமாக வையுங்கள்.

முதலில் கட்டு. கைகளைப் பின்னால் கட்டிக் குப்புறக் கிடத்தி, லொறியில் ஒருவர்மேல் ஒருவராக ஏற்றினால் சுடாமலே சாவார். நெஞ்சு விரிய இடமிருக்காது. மூச்சுக்காகத் திமிறுபவரைத் தப்பப் பார்க்கிறார் என்று நினைத்து முதுகில் முழங்காலை ஊன்றுவார்கள். ஆகவே கைகளை முன்னால் கட்டி, உட்கார வைத்து ஏற்றுங்கள். கம்பியால் கட்டவே கூடாது. கட்டுக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும். அடிக்கடி அவருடைய நகத்தை அழுத்திப் பாருங்கள். விட்ட பின் இரண்டு மூன்று செக்கனுக்குள் இரத்தநிறம் திரும்பாவிட்டால் உடனே தளர்த்துங்கள்.

அடுத்தது காயம். இரத்தம் பீறிடும் காலுக்கு இறுக்குப் பட்டியைக் காயத்துக்கு மேலே 5 முதல் 7 சென்ரிமீற்றர் தள்ளிப் போட வேண்டும். மூட்டின்மேல் போடக் கூடாது. போட்ட நேரத்தை அழியாத மையால் பட்டியிலோ நெற்றியிலோ எழுத வேண்டும். 2 மணி நேரம் தாண்டினால் தசையும் நரம்பும் பழுதாகத் தொடங்கும். நேரம் தெரியாவிட்டால் பட்டியை அவிழ்க்கலாமா என்று ஆஸ்பத்திரியில் வைத்தியருக்கே முடிவெடுக்க முடியாது. "முதலில் வாய் திறக்கட்டும், பிறகு மருந்து" என்று இழுத்தடிக்கப்படும் காயக்காரருக்கு இந்த 2 மணி நேரம் விசாரணையிலேயே கழிந்துவிடும். அது சித்திரவதை, வேறு பெயர் அதற்கில்லை. யாருக்கு முதலில் சிகிச்சை என்பதை மருத்துவ அவசரம் மட்டுமே தீர்மானிக்கலாம் என்று 1949ஆம் ஆண்டின் முதலாம் ஜெனீவா உடன்படிக்கையின் 12ஆம் உறுப்புரை சொல்கிறது. உள்நாட்டுச் சண்டைக்கு அது பொருந்தாது என்று வாதிடுவோருக்கு, நான்கு உடன்படிக்கைகளுக்கும் பொதுவான 3ஆம் உறுப்புரை இருக்கிறது. காயப்பட்டவரைத் தேடி எடுத்துப் பராமரிக்கும் கடமையை அது அரசுக்கும் எதிர்த்து நிற்பவருக்கும் சேர்த்தே விதிக்கிறது. இலங்கை இவற்றை ஏற்றது 1959இல்.

பிறகு, பிடிபட்டவருக்கான பதிவு அட்டை. பெயர், தகப்பன் பெயர், ஊர், அடையாள அட்டை இலக்கம், பிடித்த இடம், நேரம், உடலில் உள்ள காயங்கள், எடுத்து வைத்த பொருட்கள், பொறுப்பேற்றவரின் பெயரும் கையொப்பமும். தகப்பன் பெயரும் ஊரும் விடுபட்டால் ஒரே பெயருள்ள பலரில் இவர் யார் என்று பின்னர் பிரித்தறிய முடியாது. பெயரை அவர் சொல்கிறபடி தமிழிலேயே எழுதுங்கள். எழுத்து மாறிய பெயரைத் தேடி அலையும் தாயிடம் "அப்படி ஒருவர் இங்கே இல்லை" என்று சொல்லிவிடுவது மிக எளிது. மூன்று பிரதி வேண்டும்: ஒன்று அவரிடம், ஒன்று முகாமில், ஒன்று குடும்பத்திடம். கை மாறும் ஒவ்வொரு தடவையும் கொடுத்தவரும் எடுத்தவரும் நேரமிட்டு ஒப்பமிட வேண்டும். ஆட்கள் காணாமல் போவது பெரும்பாலும் இந்தக் கைமாற்றங்களுக்கு இடையில்தான். பயங்கரவாதத் தடைச் சட்டத்தில் கைதானவரைப் பற்றி 48 மணி நேரத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கும் கடமை 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தில் ஏற்கெனவே இருக்கிறது. அட்டை இருந்தால் அதற்குப் பத்து நிமிடம் போதும்.

இந்தப் பாடத்தில் சித்தியடையாத எவரையும் கைது செய்யும் அணிக்கு அனுப்ப வேண்டாம். அட்டையின் மாதிரியைத் தமிழிலும் சிங்களத்திலும் இத்துடன் இணைத்துள்ளோம். பயிற்சிக்கு அழைத்தால் வருகிறோம்.

இப்படிக்கு,
மட்டக்களப்பு, அம்பாறை மாவட்ட முதலுதவிப் பயிற்றுநர்களும் சட்டத்தரணிகளும்