கடாரம் பார்க்க வரும் நண்பனுக்கு

பினாங்கு,
ஐப்பசி முதல் வாரம்

அன்பு நண்பா,

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த பயணத் திட்டமும் கிடைத்தன. நான்கு பேர், படுத்துத் தூங்க வசதியுள்ள ஒரு வாடகைக் கேம்பர்வேன், கோலாலம்பூரிலிருந்து கடாரம், அதாவது இன்றைய கெடா வரை நான்கு நாள், ஏழு இடம். படித்து முடிப்பதற்குள் இரண்டு இடங்களைப் பேனாவால் அடித்துவிட்டேன். கோபிக்காதே.

லெங்கோங் பார்க்க வேண்டிய இடம்தான். 1991-இல் பேராக் மனிதன் என்று பெயர் வைத்த ஆதிமனிதனின் எலும்புக்கூடு கிடைத்த பள்ளத்தாக்கு, 2012-இல் யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. ஆனால் கோலா கங்சாரிலிருந்து மலைப்பக்கமாகப் பிரிந்து போய்த் திரும்பவே அரை நாள் போய்விடும். அதற்குத் தனியாக ஒரு முறை வா. பாசிர் சாலாக்கும் அப்படித்தான், நெடுஞ்சாலையை விட்டு ஆற்றோரமாக வெகுதூரம் உள்ளே போக வேண்டும். 1875 நவம்பர் 2-ஆம் தேதி பேராக்கின் பிரிட்டிஷ் ஆலோசகர் பர்ச் துரை அங்கே கொல்லப்பட்ட கதையை வீட்டிலிருந்தே படித்துக்கொள்ளலாம். மிச்சம் இருக்கிற ஐந்துமே இந்த மாதத்துக்கு அதிகம்தான்.

ஏன் என்றால் மழை. ஐப்பசி அடைமழை என்பது ஊர்ப்பக்கத்துக் கணக்கு. இங்கே காலையில் வெயில் பளீர் என்று அடிக்கும், மதியம் இரண்டு மூன்று மணிக்கு இடியோடு இறங்கும், விளக்கு வைக்கிற நேரத்தில் சொட்டுச் சொட்டாக நிற்கும். நவம்பருக்குப் பிறகு மழை கிழக்குக் கரையைப் பிடித்துக்கொள்ளும், இப்போது நம் பக்கத்து முறை. ஆகவே கிலோமீட்டரை வைத்துத் திட்டம் போடாதே, மணியை வைத்துப் போடு. திறந்தவெளியில் பார்க்க வேண்டியதெல்லாம் பகல் ஒரு மணிக்குள் முடியட்டும். மூன்று மணிக்கு வண்டி ராத்தங்கும் இடத்தில் நின்றிருக்க வேண்டும். நீ எழுதியபடி சாயங்காலம் ஆறு மணிக்கு முகாமுக்குப் போய்ச் சேர்ந்தால், ஊறிய புல்தரையில் இருட்டில் வண்டியை ஏற்றுவீர்கள். மறுநாள் காலை டயர் சுற்றும், வண்டி நகராது.

அப்படிச் சிக்கினால் எண்ணெயை, அதாவது ஆக்சிலரேட்டரை, மிதிக்காதே. மிதிக்க மிதிக்கக் குழிதான் ஆழமாகும். ஆட்கள் இறங்கட்டும். ஓட்டும் சக்கரத்துக்கு முன்னால் இரண்டு பலகையைச் செருகி, மெதுவாக இரண்டாம் கியரில் ஏற்றினால் பெரும்பாலும் வந்துவிடும். மூன்றடிப் பலகை இரண்டும் பழைய கால்மிதி இரண்டும் வண்டியில் கிடக்கட்டும். இதைவிட, போன உடனே வண்டியைத் திருப்பி, மூக்கு வெளிவாசலைப் பார்க்கக் கிராவல் போட்ட தரையில் நிறுத்திவிட்டால் பாதிக் கவலை தீரும்.

வண்டியை எடுக்கும் நாளன்று வாடகைக்காரர் சாவியை நீட்டியதும் கிளம்பிவிடாதே. ஒரு மணி நேரம் ஒதுக்கு. டயரின் பக்கவாட்டில் ஒரு சிறு வட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது. இந்த மாதிரி வண்டிகள் ஓடுவதைவிட நிற்பதுதான் அதிகம், தரையில் படும் பக்கத்துப் பூவெல்லாம் புதிதாகத் தெரியும், ரப்பர் காய்ந்து பக்கவாட்டில் கீறல் விட்டிருக்கும். ஐந்தாறு வருஷம் தாண்டியது என்றால் மாற்றிக் கேள். ஸ்பேர் டயர் எங்கே, ஜாக் எத்தனை டன் தூக்கும் என்றும் பார். அடுத்தது எடை. நான்கு ஆளுக்கு 300 கிலோ, தண்ணீர் 80 லிட்டர் என்றால் 80 கிலோ, சாமான் சாப்பாடு 100 கிலோ, ஆக ஏறக்குறைய அரை டன். வண்டியில் ஒட்டியிருக்கும் தகட்டில் மொத்த எடை எவ்வளவு தாங்கும் என்று போட்டிருக்கும், கணக்குப் போட்டுப் பார். தண்ணீர்த் தொட்டியைக் கோலாலம்பூரிலேயே நிரப்பிக்கொண்டு 300 கிலோமீட்டர் சுமக்காதே. கால் தொட்டி போதும், முகாமுக்குப் பக்கத்தில் நிரப்பிக்கொள்ளலாம்.

பின்சக்கரம் பக்கத்துக்கு ஒன்றா இரண்டா என்று கட்டாயம் எழுது. பக்கத்துக்கு இரண்டு என்றால் மொத்தம் ஆறு சக்கரம், டோலில் இரண்டாம் வகுப்பு, காருக்குப் போடும் கணக்கு உதவாது. டீசலும் 2024 ஜூன் 10-க்குப் பிறகு தீபகற்பத்தில் மானிய விலையில் இல்லை, பழைய விலையை நினைத்துக்கொண்டு பணத்தை ஒதுக்காதே. இன்னொன்று உயரம். கூரையில் ஏர்கோன் பெட்டி ஏறிய வேன் இரண்டரை மீட்டரைத் தாண்டும். கடைத்தொகுதிக் கார் நிறுத்துமிடங்களில் தொங்கும் கம்பி பெரும்பாலும் 2.1 மீட்டர்தான். உயரத்தை ஒரு தாளில் பெரிதாக எழுதி, ஓட்டுபவர் கண்ணில் படும்படி ஒட்டு.

மின்சாரத்தில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். "ஏர்கோன் இருக்கிறது" என்று நீ இரண்டு தடவை எழுதியிருக்கிறாய். பேட்டரி 100 ஆம்பியர்-மணி லித்தியம் என்று வைத்துக்கொள். அதில் எடுக்கக்கூடியது ஏறக்குறைய 1,000 வாட்-மணி. ஒரு குதிரைத்திறன் ஏர்கோன் 800 வாட் இழுத்தால் ஒரு மணி நேரத்தில் கதை முடிந்தது. அதே 1,000-ஐ வேறு மாதிரிச் செலவழித்துப் பார். 45 வாட் குளிர்ப்பெட்டி பாதி நேரம் ஓடினால் ஒரு நாளைக்கு 540. இரண்டு 20 வாட் காற்றாடி எட்டு மணி நேரத்துக்கு 320. விளக்கும் கைத்தொலைபேசிகளும் சேர்ந்து 120. ஆக 980. ஒரு நாள் தாராளமாகப் போகும். பழைய ஈய அமிலப் பேட்டரி என்றால் பாதிக்கு மேல் இறக்கக் கூடாது, இதே கணக்கு அரை நாளில் நின்றுவிடும். கூரையில் சூரியத் தகடு இருந்தாலும் மேகமூட்டத்தில் அதை நம்பாதே. ஓடும்போது என்ஜினிலிருந்து 30 ஆம்பியர் ஏற்றும் சார்ஜர் இருக்கிறதா என்று கேள். இருந்தால் இரண்டரை மணி நேர ஓட்டத்தில் காலிப் பேட்டரி முக்கால்வாசி ஏறிவிடும். ஏர்கோன் போட்டுத்தான் தூங்குவோம் என்றால் மின்இணைப்பு உள்ள முகாமாகப் பார்த்துப் பதிவு செய். சுருள் கம்பியைச் சுருளாகவே வைத்து ஏர்கோனை ஓட்டாதே. உள்சுற்றுகள் சூடேறி உறை உருகும். முழுக்கப் பிரித்துப் போடு. இணைப்பு முனையைத் தரையில் விடாமல் ஒரு கொக்கியில் மாட்டி, மேலே பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்துவிடு.

பக்கப் பந்தலை விரிக்கும்போது ஒரு காலை மட்டும் ஒரு சாண் தாழ்த்து. சமமாக விரித்தால் துணியின் நடுவில் நீர் தொப்பையாகத் தேங்கும். ஒரு குளியல் வாளி அளவு தேங்கினாலே 20 கிலோ, இரண்டு வாளியானால் பந்தலின் கை வளைந்துவிடும். ராத்திரி படுக்கும்போதும் வெளியே கிளம்பும்போதும் சுருட்டிவிடு.

கழிவறைப் பெட்டி 20 லிட்டருக்குள்தான் இருக்கும். நான்கு பேர் முழுதாகப் பயன்படுத்தினால் இரண்டு நாள் தாங்காது, அதைக் கொட்ட நம் நாட்டில் தனி இடம் கிடைப்பது அபூர்வம். ராத்திரி அவசரத்துக்கு மட்டும் வைத்துக்கொண்டு, மற்றதுக்கு ஓய்வுத்தளக் கழிவறைக்குப் போங்கள். ஓடையில் மட்டும் கொட்டாதீர்கள், கீழே கிராமத்துப் பிள்ளைகள் குளிப்பார்கள். சமையல் கதவைத் திறந்து வைத்து, பந்தலுக்கு அடியில். கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படுக்கைக்குக் கீழேதான் தேங்கும். கரி அடுப்பு வண்டிக்குள் வரவே கூடாது. உன் வீட்டில் தோசை மாவு கட்டிக் கொடுப்பார்கள் என்று தெரியும். டப்பாவில் பாதிதான் இருக்கட்டும், ஓடுகிற வண்டிச் சூட்டில் பொங்கி வழிந்தால் குளிர்ப்பெட்டி ஒரு வாரம் நாறும்.

இனி இடங்கள். முதல் நாள் விடியலில் கிளம்பி நேராகப் பத்து காஜா. கெல்லி மாளிகையை 1915-இல் கட்டத் தொடங்கினார்கள். கட்டிய தோட்ட முதலாளி வில்லியம் கெல்லி ஸ்மித் 1926-இல் லிஸ்பனில் இறந்ததும் அரைகுறையாக நின்றுவிட்டது. கோபுரத்தில் மின்தூக்கிக்காக விட்ட குழி மட்டும் இருக்கிறது, மின்தூக்கி வரவில்லை. மொட்டை மாடிக்கு இடி தொடங்குமுன் ஏறி இறங்கிவிடுங்கள். அதோடு திரும்பிவிடாமல் பக்கத்து மாரியம்மன் கோவிலுக்கும் போங்கள். கட்டடத்தில் வேலை செய்த நம்மவர்கள் காய்ச்சலில் மடிந்தபோது எழுந்த கோவில் அது. கூரையில் சாமி சிலைகளுக்கு நடுவே கோட்டு போட்ட ஒரு துரை நிற்பார், அவர்தான் கெல்லி என்பார்கள். மாளிகையைவிட எனக்கு அந்தச் சிலைதான் பிடித்தம்.

கோலா கங்சாரில் 1877-இல் நட்ட ரப்பர் மரம் நிற்கிறது. கால் மணி நேரம் போதும், ஆனால் பால்மரக் காட்டுப் பிள்ளைகள் நாம், பார்க்காமல் தாண்டக் கூடாது. தைப்பிங்கில் 1883-இல் தொடங்கிய பேராக் அரும்பொருளகம், நாட்டிலேயே மூத்தது. கூரைக்குக் கீழே பார்ப்பது என்பதால் இதை மழை நேரத்துக்கு வைத்துக்கொள். நாட்டிலேயே மழை அதிகம் பெய்யும் ஊர்களில் ஒன்று அது, ஏமாற்றாது. 1885-இல் முதல் ரயில் ஓடியது இங்கிருந்து போர்ட் வெல்டுக்கு, வெறும் 13 கிலோமீட்டர். ஏரிப் பூங்காவில் தூங்குமூஞ்சி மரங்கள் சாலையைத் தாண்டித் தண்ணீர் வரை கிளை நீட்டியிருக்கும். வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு நடந்தே பாருங்கள், கூரை ஏர்கோன் தப்பும்.

ஜார்ஜ்டவுனுக்குள் அந்த வண்டியைக் கொண்டுவராதே. கடைவீடுகளுக்கு நடுவே திரும்பவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. பட்டர்வொர்த்தில் திறந்தவெளி நிறுத்துமிடத்தில் விட்டுவிட்டு ஃபெரியில் வாருங்கள். இப்போது அதில் கார் ஏற்றுவதில்லை, ஆளும் மோட்டார் சைக்கிளும் மட்டும்தான். இறங்கினால் கோட்டை, குட்டி இந்தியா எல்லாம் நடை தூரம். நான் படகுத்துறையில் நிற்பேன், பசியாறிவிட்டு வராதீர்கள்.

மூன்றாம் நாள் பூஜாங் பள்ளத்தாக்கு. கெடாவில் வார விடுமுறை வெள்ளியும் சனியும், ஆகவே வெள்ளிக்கிழமை வேண்டாம். 1025-இல் ராஜேந்திர சோழன் படை கடாரத்தை வென்றதாகத் தஞ்சைக் கல்வெட்டு சொல்வதைப் படித்துவிட்டு வருகிறவர்கள் தஞ்சாவூர்க் கோபுரத்தைத் தேடுகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. இருப்பது அடித்தளங்கள். சோழர் கட்டியவை என்று யாராவது சொன்னால் தலையை ஆட்டாதே. படையெடுப்புக்கு முன்பே இது கப்பல் வந்து போன துறைமுகம். மெர்போக் அரும்பொருளகத்துக்கு மேலே சரிவில் இருப்பது புக்கிட் பத்து பஹாட் சண்டி (சண்டி என்றால் பழங்காலக் கோவில்), 1959–60-இல் ஆய்வாளர் அலஸ்டெர் லேம்ப் தோண்டி எடுத்து மறுபடி அடுக்கியது. கருவறைப் பகுதியும் அதன் முன்னால் மண்டபமும் கருங்கல். மேலே இருந்த மரத்தூணும் கூரையும் மக்கிப் போய்விட்டன. மண்டபத் தளத்தில் குனிந்து பார், தூண் நிற்க வைத்த கற்கள் வரிசை பிசகாமல் இருக்கும். அந்த வரிசையைக் கண்ணால் மேலே நீட்டினால்தான் கட்டடம் தெரியும். ஈரத்தில் கல் வழுக்கும், செருப்பு வேண்டாம், சப்பாத்து போடு. முற்றத்தில் வேறு இடங்களிலிருந்து பெயர்த்து வந்து வைத்த சண்டிகளும் உண்டு. பெயர்த்தாவது வைத்தார்களே என்று தோன்றும். 2013-இல் 11-ஆம் எண் சண்டி வீடமைப்பு நிலத்துக்காக இடிபட்டது வெளியே தெரிந்து பெரிய சத்தமானது.

அங்கிருந்து சுங்கை பத்து பக்கம்தான், இரும்பு உருக்கிய இடம். உலைக்குக் காற்று ஊதிய மண்குழல்களின் துண்டுகள் குவியலாகக் கிடைத்தன. ஒரு முனை உருகிக் கண்ணாடி போலக் கறுத்திருக்கும், அது நெருப்புக்குள் இருந்த முனை. காட்சிக்கு வைத்திருப்பதை மட்டும் பார்த்துக்கொள், குழிக்குள் கால் வைக்காதே, நனைந்த செங்கல் மாவாக உதிரும்.

ஜெராய் மலையடியில் ஓடைக்கரை முகாம்கள் பார்க்க அழகாக இருக்கும். அங்கே ராத்தங்க வேண்டாம். உன் தலைக்கு மேல் வானம் தெளிவாக இருக்கும்போதே மலையில் பெய்த மழை கீழே வந்துவிடும். 2021 ஆகஸ்ட் 18-இல் அப்படி வந்த வெள்ளம் உயிர்களைக் கொண்டுபோனது. தண்ணீர் சட்டென்று கலங்கி, சருகும் குச்சியும் மிதந்து வந்தால் பொருளை எடுக்க நிற்காமல் மேட்டுக்கு ஏறுங்கள்.

திரும்பும்போது ஒரே ஒரு இடத்தில் கவனம். மெனோரா சுரங்கத்தைத் தாண்டி ஈப்போ பக்கம் இறங்கும் நீண்ட சரிவு. பாரவண்டிகள் பிரேக் பிடிக்காமல் போன இடம். பிரேக்கையே மிதித்துக்கொண்டு வந்தால் சூடேறிப் பிடிமானம் குறையும், பெடல் பஞ்சு போல் உள்ளே போகும். இறக்கம் தொடங்குமுன்பே கியரைக் குறைத்துவிடு, என்ஜின் முனகினால் முனகட்டும்.

டயரின் நான்கு இலக்கத்தையும் வண்டி உயரத்தையும் உடனே அனுப்பு. மின்இணைப்போடு கிராவல் தரையுள்ள முகாம் ஒன்றைச் சுங்கை பட்டாணிப் பக்கம் கேட்டு வைத்திருக்கிறேன். உள்வாசலில் ஒரு வளைவு இருக்கிறதாம், உயரம் 2.7 மீட்டர். உன் வண்டி நுழையும் என்று தெரிந்த பிறகுதான் முன்பணம் கட்டுவேன்.

அன்புடன்,
உன் பினாங்கு நண்பன்