வைக்கோலைத் தடுத்த வாசற்படி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் சொல் பகுதியில் 'த்ராஷ்' என்ற ஆங்கில வினையைப் பற்றி வந்த குறிப்பைப் படித்தேன். பிரம்பால் விளாசுவது, கிரிக்கெட்டில் எதிரணியைத் துவைத்து எடுப்பது என்று பொருள் சொன்னதெல்லாம் சரி. கடைசிப் பத்தியில் போட்டிருந்த வாசற்படிக் கதைதான் இடிக்கிறது.

அந்தக் காலத்து இங்கிலாந்தில் தரையில் 'த்ரெஷ்' எனப்பட்ட வைக்கோலைப் பரப்புவார்களாம். அது வெளியே சரியாமல் இருக்க வாசலில் குறுக்காக ஒரு பலகை வைப்பார்களாம். வைக்கோலை அது 'ஹோல்ட்' செய்ததால், அதாவது பிடித்து நிறுத்தியதால், வாசற்படிக்கு 'த்ரெஷோல்ட்' என்று பெயர் ஆனதாம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் இது 1999 வாக்கில், 1500-களின் வாழ்க்கையைச் சொல்வதாக மின்னஞ்சலில் சுற்றிய ஒரு புரளிக் கட்டுரையின் சரக்கு. இப்போது வாட்ஸ்அப்பில் ஓடுகிறது. 1500-களுக்கு ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன்பே பழைய ஆங்கிலத்தில் 'த்ரெஸ்கோல்ட்' போன்ற வடிவங்களில் இந்தச் சொல் இருந்தது. அதில் 'ஹோல்ட்' கிடையாது. பின்பாதி எங்கிருந்து வந்தது என்று அகராதிக்காரர்கள் இன்னும் முடிவு கட்டவில்லை. முன்பாதி 'த்ரெஷ்' வினைக்கு உறவு என்பதை மட்டும் பலரும் ஏற்கிறார்கள். எந்தப் பொருளில் உறவு என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

'த்ரெஷ்', 'த்ராஷ்' இரண்டும் ஒரே சொல்லின் இரண்டு உச்சரிப்புகள். கதிரிலிருந்து மணியைப் பிரிப்பதுதான் அதன் வேலை. ஆனால் ஆதிப் பொருள் அடிப்பது அல்ல, மிதிப்பது. தடதடவென்று காலால் மிதிப்பது. இதற்குச் சாட்சி ஆங்கிலத்துக்கு வெளியே இருக்கிறது. இதே ஜெர்மானிய வேரை இத்தாலியர்கள் கோத்தியர் என்ற பழைய ஜெர்மானிய இனத்தாரிடமிருந்து வாங்கினார்கள். அங்கே அது 'டிரெஸ்கா' என்ற துள்ளாட்டத்தின் பெயராகிவிட்டது. காலால் செய்த வேலையாக இருந்திருக்காவிட்டால் ஆட்டத்துக்குப் போயிருக்குமா? ஆக, வாசற்படி என்பது கால் வைத்து மிதித்துப் போகும் இடம். வைக்கோலுக்கு அங்கே வேலையில்லை.

காவிரிப் படுகையில் களம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இராது. முதலில் அறுத்த கதிர் அரியைக் கயிற்றில் சுற்றித் தலைக்கு மேல் தூக்கி ஓங்கி அடிப்பார்கள். அதில் உதிராத மணிக்காக அந்தத் தாளையே களத்தில் பரப்பி, மாடுகளைப் பிணைத்துச் சுற்றிச் சுற்றி நடக்க விடுவார்கள். மாடுதான் மிதிக்கிறது, ஆனாலும் நாம் சொல்வது போரடித்தல். இங்கிலாந்திலும் மிதியும் அடியும் இப்படித்தான் ஒரே வினைக்குள் புகுந்துகொண்டன.

அங்கே மாட்டின் இடத்துக்கு வந்தது 'ஃப்ளெய்ல்' என்ற கருவி. நீளமான கைப்பிடிக் கோல் ஒன்று, அதன் நுனியில் தோல்வாரால் தளர்வாகக் கட்டிய குட்டையான கனத்த கட்டை ஒன்று. கோலை வீசினால் கட்டை சுழன்று வந்து கதிரின் மேல் படுக்கையாக விழும். களஞ்சியத்துக்குள் இரண்டு பேர் எதிரெதிரே நின்று தாளம் தப்பாமல் மாற்றி மாற்றி அடிக்க வேண்டும். தப்பினால் மண்டை உடையும். இந்தக் காட்சியைப் பார்த்த மொழி, மனிதனை மனிதன் விளாசுவதற்கும் அதே வினையை எடுத்துக்கொண்டது இயல்புதான். பிறகு மெல்ல மெல்லப் பங்கு பிரிந்தது: தானியத்துக்கு 'த்ரெஷ்', முதுகுக்கு 'த்ராஷ்'.

உங்கள் குறிப்பில் வராத ஒன்று, இந்த வினையை நம்பி எத்தனை வயிறுகள் இருந்தன என்பது. வயலில் வேலை இல்லாத குளிர்காலத்தில் கூலியாட்களுக்குக் களஞ்சியத்தில் கிடைத்த வேலை இது. 1780-களில் ஸ்காட்லாந்தின் ஆண்ட்ரூ மெய்க்கிள் கதிரடிக்கும் இயந்திரம் செய்தார். அது தெற்கு இங்கிலாந்தில் பரவிக் கூலியைப் பறித்தபோது, 1830 ஆகஸ்டில் கென்ட் மாவட்டத்தில் தொழிலாளர்கள் இயந்திரத்தை உடைக்கத் தொடங்கினார்கள். பண்ணைக்காரர்களுக்கு 'கேப்டன் ஸ்விங்' என்ற கற்பனைப் பெயரில் மிரட்டல் கடிதங்கள் போயின. அந்த ஸ்விங், கோலின் வீச்சைக் குறிப்பது என்று சொல்வதுண்டு. கலகத்தை அடக்கிய அரசு 19 பேரைத் தூக்கிலிட்டது. ஏறக்குறைய 500 பேரைக் கப்பலேற்றி ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பியது. கலகக்காரர்கள் யார் உயிரையும் எடுக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

களத்திலிருந்து போர்க்களத்துக்குத் தாவுவது ஆங்கிலத்துக்கு மட்டும் உரிய வழக்கமா என்றால், இல்லை. யானையை எருதாகவும் வாளை எருதோட்டும் கோலாகவும் வைத்துப் போர்க்களத்தை நெற்களமாகப் பாடுவது புறநானூற்றிலேயே உண்டு. அந்தத் துறைக்கு மறக்களவழி என்று பெயரும் வைத்துவிட்டார்கள்.

அப்புறம், புழக்கம் பற்றி. ஒரு பிரச்சினையை 'த்ராஷ் அவுட்' செய்தார்கள் என்றால் அங்கே கைகலப்பு நடக்கவில்லை. பேசிப் பேசிப் பதர் வேறு மணி வேறாகப் பிரித்தார்கள் என்று அர்த்தம். நம் ஊர் ஆங்கிலச் செய்தியை மொழிபெயர்க்கிறவர்கள் இதில் சறுக்குவதைப் பார்த்திருக்கிறேன். வலையில் விழுந்த மீன் துள்ளித் துடிப்பதற்கும் இதே வினைதான். கணினியில் நினைவகம் போதாமல், உருப்படியான வேலை எதையும் செய்யாமல் தகவலை வட்டுக்கும் நினைவகத்துக்குமாக மாற்றிக்கொண்டே கிடப்பதற்கும் 'த்ராஷிங்' என்றுதான் பெயர். இந்தியாவில் வெளிவரும் ஆங்கில நாளிதழ்களில் நிஜமான அடிதடிக்கு இந்தச் சொல் தாராளமாக வருகிறது. இங்கிலாந்துப் பத்திரிகைகளில் விளையாட்டுப் பக்கத்தில்தான் அதிகம் கண்ணில் படுகிறது. குப்பை என்று பொருள்படும் 'ட்ராஷ்' வேறு சொல். அதை இதோடு சேர்க்க வேண்டாம்.

அடுத்து 'வாலப்' வரும் என்று அறிவித்திருக்கிறீர்கள். அதற்கும் ஒரு கதை தயாராக இருக்கிறது: எட்டாம் ஹென்றியின் தளபதி சர் ஜான் வாலப், 1514-இல் பிரெஞ்சுக் கடற்கரை ஊர்களைக் கொளுத்தித் துவம்சம் செய்ததால் அவர் பெயரே அடிக்குப் பெயராகிவிட்டதாம். அந்தச் சொல் அவருக்கு முன்பே பிரெஞ்சு வழியாக வந்து, குதிரைப் பாய்ச்சலைக் குறித்துக்கொண்டிருந்தது, 'கேலப்'புக்கு உடன்பிறப்பு. அடி என்ற பொருள் அதற்கு ஏறியது 19-ஆம் நூற்றாண்டில். அச்சுக்குப் போகுமுன் அந்தப் பத்தியை ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியர் ஒருவர்,
தஞ்சாவூர் மாவட்டம்