சாகுலுக்கு ஒரு காயிதம்

ஆறுமுகநேரி

அன்புள்ள சாகுல்,

நீ அனுப்பிய குரல் பதிவை இரண்டு முறை கேட்டேன். சவூதியில் தாயிஃப் குளிர், பேரன் சேட்டை எல்லாம் விரிவாகச் சொன்னாய். நடுவில், "உக்காழ் சந்தை நடந்த இடத்துக்கும் போனேன், வெறும் பாறையும் மணலும்தான்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டாய். எனக்கு மனசு அந்த வரியிலேயே நின்றுவிட்டது. போனில் சொல்லித் தீராது என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

இங்கே எல்லோரும் நலம். வீட்டில் அவளுக்குக் கண்புரை அறுவை முடிந்து, இப்போது ஊசியில் தானே நூல் கோர்க்கிறாள். மழையில் உப்பளம் முழுக்கத் தண்ணீர்.

சரி, உக்காழுக்கு வருகிறேன். ஆண்டில் நான்கு மாதம் சண்டை கூடாது என்பது பழைய அரபியர் கட்டுப்பாடு. அந்த நாளில்தான் அங்கே சந்தை கூடும். பழிக்குப் பழி பாக்கி வைத்திருக்கும் இரண்டு குலத்துக்காரர்கள் அங்கே ஒரே கூட்டத்தில் நின்று கவிதை கேட்பார்கள். பாட்டின் தொடக்கம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். காதலியின் கூட்டத்தார் கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். அடுப்புக்கல் கருகிக் கிடக்கிறது. கவிஞன் ஒட்டகத்தை நிறுத்தி அந்தத் தடத்தைப் பார்த்து அழுகிறான். பிறகுதான் பயணம், குலப்பெருமை எல்லாம் வரும். கவிஞனுக்கு 'ராவி' என்று ஓர் ஆள் இருப்பான். பாட்டை நெஞ்சில் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டுபோவது அவன் வேலை. ஆட்டுமயிர்க் கூடாரத்தில் வாழ்ந்தவர்கள் உனக்குக் காட்ட எதை விட்டுப் போயிருப்பார்கள், மாப்பிள்ளை? அவர்கள் சேர்த்த சொத்தெல்லாம் நாக்கில்தான் இருந்தது.

அந்த வாழ்க்கையில் கொடுமையும் இருந்தது. குலத்தின் துணை இல்லாதவன் உயிருக்கு மதிப்பில்லை. பெண் குழந்தையை உயிரோடு புதைத்தவர்களும் உண்டு. அதைக் குர்ஆன் எப்படிக் கண்டிக்கிறது என்று நீயே எனக்குச் சொல்லியிருக்கிறாய்.

அப்படிப்பட்ட இடத்தில், 610 வாக்கில் நபிகள் நாயகத்துக்கு வந்த முதல் சொல்லே 'ஓதுவீராக' என்பதுதான். அதே வசனங்களில் எழுதுகோலும் வருகிறது. 624இல் பத்ருப் போரில் பிடிபட்ட மக்கத்துக் கைதிகளில் எழுதத் தெரிந்தவர்களுக்கு, மதீனாப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தால் விடுதலை என்றார்களாம். நான் ஆசிரியர் வேலை பார்த்தவன் அல்லவா, இதைப் படித்தபோது உடம்பு சிலிர்த்தது. நபிகளார் மறைந்த கொஞ்ச காலத்தில் யமாமா போரில் குர்ஆனை மனனம் செய்தவர்கள் பலர் இறந்துபோனார்கள். நெஞ்சில் இருப்பது நெஞ்சோடு போய்விடுமே என்ற பயம் வந்தது. நபிகளாரின் எழுத்தராக இருந்த ஸைத் இப்னு ஸாபித் பேரீச்ச மட்டையிலும் தட்டைக் கல்லிலும் இருந்ததைத் திரட்டி, மனனம் செய்தவர்கள் ஓதக் கேட்டு, ஒன்றாக எழுதிச் சேர்த்தார்.

அந்தப் பயம்தான் பிறகு வந்த எல்லாவற்றுக்கும் விதை என்று எனக்குத் தோன்றுகிறது. வாளால் நாடு பிடித்த கதையை எல்லோரும் சொல்கிறார்கள். சொல் அழிந்துவிடக் கூடாது என்று அவர்கள் பட்ட பாட்டைச் சொல்வோர் குறைவு. இராக்கில் உள்ள பஸ்ராவில் கலீல் இப்னு அஹ்மத் என்ற அறிஞர், 8ஆம் நூற்றாண்டிலேயே, தொண்டையிலிருந்து உதடு வரை ஒலி பிறக்கும் இட வரிசையில் அகராதி வகுத்தார். அவருடைய மாணவர் சீபவைஹி பாரசீகர். அரபிக்குப் பேரிலக்கணம் எழுதியவர் அவர்தான். அந்த ஊர் அறிஞர்கள், ஒரு சொல்லுக்குப் பொருளில் ஐயம் வந்தால் பாலைவனத்து நாடோடியைத் தேடிப் போய்க் கேட்டார்கள். படித்தவன் படிக்காதவனிடம் போய்க் கேட்ட அந்த மரியாதை எனக்கு ரொம்பப் பிடித்திருக்கிறது.

762இல் முஸ்லிம் பேரரசின் தலைவரான கலீஃபா மன்சூர் பக்தாதைக் கட்டத் தொடங்கினார். சீனத்துக் காகிதம் சமர்கந்து வழியாக வந்து சேர்ந்தது. தோலில் எழுதினால் சுரண்டி மாற்றிவிடலாம். காகிதத்தில் மை ஊறிவிடும், திருத்தினால் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் அரசுக் கணக்குக்கும் ஏற்றதாகிவிட்டது. விலையும் குறைந்தது. அடுத்த நூற்றாண்டில் பக்தாதில் நூறு புத்தகக் கடைகளுக்கு மேல் இருந்தனவாம். ஹுனைன் இப்னு இஸ்ஹாக் என்ற கிறிஸ்தவ மருத்துவர், பழைய கிரேக்க மருத்துவர் கேலன் எழுதிய ஒரே ஒரு நூலைத் தேடி இராக், சிரியா, பாலஸ்தீனம், எகிப்து என்று அலெக்சாந்திரியா வரை அலைந்தார். கடைசியில் டமாஸ்கஸில் பாதி நூல்தான் கிடைத்தது. அவரைத்தான் அந்தக் காலத்துக் கலீஃபா முதவக்கில் அரண்மனை மருத்துவராக வைத்துக்கொண்டார்.

பாரசீகத்தில் காகஸ், அரபியில் காகத், தமிழில் காகிதம். நம்ம ஊர்ப் பக்கம் கடிதத்துக்கே அதுதானே பேர், காயிதம்.

அதை எழுதும்போது உன் உம்மா நினைவு வந்தது. கொழும்பில் இருந்த வாப்பாவுக்கு அரபுத் தமிழில் எழுதுவார்களே. எழுத்து அரபி, பேச்சு நம்ம பேச்சு. வலமிருந்து இடமாக அந்தக் கை ஓடுவதை வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருப்பேன். வாப்பா ஊர் திரும்பியபோது அத்தனை காயிதங்களையும் ஒரு தகரப் பெட்டியில் கொண்டுவந்தார்கள். அது இன்னும் காயல்பட்டினம் வீட்டுப் பரணில்தானே இருக்கிறது? பெருநாளைக்கு நீ வரும்போது இறக்குவோம். நீ வாசி, நான் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்கிறேன்.

அன்புடன்,
முருகேசன்