வரிசையில் பின்னால் நிறுத்தப்பட்ட மாவோரிகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். கோவிட் காலத்தை உலக நாடுகள் எதிர்கொண்ட விதம் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையில் நியூசிலாந்துக்குப் பாராட்டு மழை. அதில் பொய் எதுவும் இல்லை. 2020 மார்ச் 25 நள்ளிரவில் நாட்டையே பூட்டிய ஜெசிந்தா ஆர்டெர்ன் அரசு ஏராளமான உயிர்களைக் காப்பாற்றியது. நியூசிலாந்தின் தொல்குடிகளான மாவோரிகளின் உயிர்களும் அவற்றில் அடக்கம். இந்த நாட்டில் செவிலியராக வேலை பார்க்கும் எனக்கு அதில் சந்தேகம் இல்லை. ஆனால் கட்டுரை 2020இலேயே நின்றுவிட்டது. தடுப்பூசி வந்த 2021 பற்றி ஒரு வரிகூட இல்லை. போதாததற்கு, எல்லாக் குடிமக்களையும் சமமாக நடத்திய நாடு என்று ஒரு சான்றிதழும் கொடுத்திருக்கிறார் கட்டுரையாளர். அந்த இடத்தில்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

2021 பிப்ரவரியில் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். முதலில் விமான நிலையம், துறைமுகம் போன்ற எல்லைப் பணியாளர்கள். அடுத்து மருத்துவப் பணியாளர்கள். அதன்பின் 65 வயதைக் கடந்தவர்களும் நாள்பட்ட நோயாளிகளும். மற்றவர்களுக்கு ஜூலை இறுதியிலிருந்து, வயது அதிகமானவர்களில் தொடங்கிப் படிப்படியாகக் கீழே இறங்கி வந்தார்கள். செப்டம்பர் பிறந்த பிறகுதான் 12 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் கதவு திறந்தது. முதியவர்களைத்தானே இந்த நோய் அதிகம் கொல்கிறது, இதில் என்ன தவறு என்று தோன்றும்.

மாவோரிகளின் சராசரி ஆயுள் மற்றவர்களைவிடச் சுமார் ஏழு ஆண்டுகள் குறைவு. நீரிழிவு, இதய நோய், நுரையீரல் நோய் எல்லாம் அவர்களுக்கு இளம் வயதிலேயே வந்துவிடுகின்றன. நெருக்கடியான வீடுகள், மருத்துவமனைக்கு நெடுந்தூரம், தலைமுறைகளாகத் தொடரும் வறுமை என்று காரணங்கள் நீளும். கோவிட்டால் மருத்துவமனையில் சேரும் அபாயத்தை வயது வாரியாகக் கணக்கிட்ட ஓர் ஆய்வு இங்கே 2021இல் வெளியானது. ஐரோப்பிய வழிவந்த 80 வயதுக்காரருக்கு இருக்கும் அபாயம் ஒரு மாவோரிக்கு 60 வயதை எட்டும் முன்பே வந்துவிடுகிறது என்றது அது. ஆக, 65 என்ற கோடு ஒரு சாராருக்கு உரிய நேரத்திலும் இன்னொரு சாராருக்குக் காலம் கடந்தும் வந்து சேர்ந்தது. மாவோரிகள் இளைய சமூகம் வேறு. அவர்களில் பாதிப் பேர் ஏறக்குறைய 25 வயதுக்கு உட்பட்டவர்கள். வயதை மட்டும் பார்த்து வரிசை போட்டால் ஒரு மக்கள் கூட்டமே வரிசையின் வாலுக்குப் போய்விடும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கணக்கு எதுவும் தேவையில்லை.

அரசுக்கு இது தெரியாமலும் இல்லை. மாவோரிகளுக்கு வயது வரம்பைக் குறைக்க வேண்டும் என்று அரசின் சொந்த அதிகாரிகளே ஆலோசனை சொன்னார்கள். அமைச்சரவை அதை நிராகரித்தது. கனடாவோ முதல் கட்டப் பட்டியலிலேயே தொல்குடிச் சமூகங்களின் வயது வந்தோரைச் சேர்த்திருந்தது.

நான் பணியாற்றிய தடுப்பூசி மையத்தில் இந்த விதி எப்படி வேலை செய்தது என்று சொல்கிறேன். மாவோரிக் குடும்பங்கள் பெரும்பாலும் தனித்தனியாக வருவதில்லை. வயதான தாயை மகன் வண்டியில் அழைத்து வருவார். கூடவே மருமகள், பேரப்பிள்ளைகள். தாய்க்கு ஊசி போட்டுவிட்டு மகனிடம், "உங்கள் வயதுக்காரர்களை அழைக்கும்போது வாருங்கள்" என்று சொல்ல வேண்டும். கூலி வேலையில் அரை நாள் விடுப்புக் கேட்டு, நெடுந்தூரம் வண்டி ஓட்டி வந்தவர் அவர். சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டுப் போவார். இன்னொரு முறை அவர் எங்கே வருவார்? இடைப்பட்ட மாதங்களில் முகநூலும் யூடியூபும் சும்மா இருக்குமா? ஊசி மலடாக்கும், ஊசியில் மின்னணுச் சில்லு இருக்கிறது என்ற கதைகள் அவர் வீட்டுக் கூடம் வரை போய்ச் சேர்ந்த பிறகுதான் அரசின் அழைப்பு போனது.

அதன் பிறகு, மாவோரிகளே தயங்கினார்கள், அரசு என்ன செய்யும் என்றார்கள். எங்கள் தமிழ்ச் சங்கக் கூட்டத்திலும் இதைக் கேட்டேன், அதுவும் நன்கு படித்தவர்கள் வாயால். முன்னதாகவே வாய்ப்புக் கிடைத்த மூத்த மாவோரிகள் பெருமளவில் ஊசி போட்டுக்கொண்டார்களே, அவர்களுக்கு ஏன் அந்தத் தயக்கம் இல்லை? காக்கவைக்கப்பட்டவர்களிடம்தான் தயக்கம் வளர்ந்தது.

2021 ஆகஸ்டில் டெல்டா வகைக் கோவிட் நாட்டுக்குள் நுழைந்தது. நாட்டு மக்களில் மாவோரிகள் ஆறில் ஒரு பங்கு. ஆண்டு முடிவதற்குள் டெல்டா தொற்றாளர்களில் பாதிக்கு மேல் அவர்கள். மாவோரிச் சமூகங்களுக்கென்று 12 கோடி டாலர் சிறப்பு நிதி அறிவிக்கப்பட்டது அக்டோபர் இறுதியில். நோய் வீட்டுக்குள் வந்த பிறகு!

இதைவிட எனக்கு எரிச்சல் தந்தது தரவு விவகாரம். ஊசி போடாத மாவோரிகளின் பெயரையும் தொடர்பு எண்ணையும் கொடுங்கள், எங்கள் ஆட்களே வீடு வீடாகப் போய்ப் பேசுகிறோம் என்று மாவோரிக் குடும்பங்களின் நலனுக்காகச் செயல்படும் ஃபானாவ் ஓரா அமைப்பு கேட்டது. தனியுரிமையைக் காரணம் காட்டிச் சுகாதார அமைச்சகம் மறுத்தது. அமைப்பு உயர் நீதிமன்றம் போனது. முடிவை மறுபரிசீலனை செய்யும்படி நவம்பர் 1 அன்று நீதிமன்றம் உத்தரவிட்டது. அப்போதும் சில பகுதிகளின் தரவை மட்டுமே தர முன்வந்தார்கள். மறுபடியும் வழக்கு, டிசம்பரில் மறுபடியும் அமைச்சகத்துக்கு எதிராகத் தீர்ப்பு. வாரக்கணக்கில் உயிர்கள் ஊசலாடும்போது உதவ வந்தவர்களை நீதிமன்ற வாசலில் நிறுத்திய நிர்வாகத்தை என்னவென்று சொல்வது? தனியுரிமை முக்கியம்தான். அதே பட்டியலை வைத்துக்கொண்டு அரசு தானே போய்க் கதவைத் தட்டியிருந்தால் அந்த வாதத்துக்குக் கொஞ்சம் மதிப்பு இருந்திருக்கும்.

ஒவ்வொரு மாவட்டச் சுகாதார வாரியத்திலும் 90 சதவீதம் பேர் இரண்டு தவணையும் போட்ட பிறகே கட்டுப்பாடுகள் தளரும் என்று முதலில் சொன்னார்கள். மாவோரிகளுக்கென்று தனி இலக்கு வேண்டும் என்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை. கடைசியில் 90 சதவீத நிபந்தனையையும் கைவிட்டு, டிசம்பர் தொடக்கத்தில் புதிய முறைக்கு மாறினார்கள். அதே மாதம் வைதாங்கித் தீர்ப்பாயம் தன் அறிக்கையை வெளியிட்டது. பிரிட்டிஷ் முடியும் மாவோரித் தலைவர்களும் 1840இல் செய்துகொண்ட ஒப்பந்தத்தை அரசு மீறுகிறதா என்று விசாரிக்கும் அமைப்பு அது. வயது வரம்பைக் குறைக்க மறுத்தது ஒப்பந்தக் கோட்பாடுகளை மீறிய செயல் என்று வெளிப்படையாகவே சொன்னது.

மாவோரிகள் கையேந்தி நின்றார்கள் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. 1918 இன்ஃபுளூயன்சாவில் அவர்களின் இறப்பு விகிதம் வெள்ளையர்களைப் போல ஏறக்குறைய எட்டு மடங்கு. அந்த நினைவு குடும்பங்களில் இன்னும் இருக்கிறது. அதனால்தான் 2020 மார்ச்சிலேயே டெ ஃபானாவ் ஆ அப்பானுயி என்ற மாவோரிக் குடியினர் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தாங்களே சோதனைச்சாவடி அமைத்து, வெளியாட்களைத் திருப்பி அனுப்பினார்கள். சட்டவிரோதம் என்று எதிர்க்கட்சியினர் கூச்சலிட்டார்கள். காவல்துறையோ அந்தக் குடியினரோடு சேர்ந்து நின்றது. உங்கள் கட்டுரை பாராட்டும் வெற்றியில் அந்தச் சாவடிகளுக்கும் பங்கு உண்டு.

இதெல்லாம் பழைய கதையும் இல்லை. 2022இல் தொடங்கிய மாவோரி சுகாதார ஆணையத்தை அடுத்து வந்த கூட்டணி அரசு 2024 ஜூனில் மூடிவிட்டது. பெருங்குடல் புற்றுநோய்ப் பரிசோதனை இங்கே முன்பு 60 வயதில்தான் தொடங்கியது. மாவோரிகளில் அந்த நோய் வருபவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு அது 60க்கு முன்பே வந்துவிடுவதால், மாவோரி, பசிபிக் தீவு மக்களுக்கு மட்டும் 50ஆகக் குறைக்க முந்தைய அரசு திட்டமிட்டிருந்தது. 2025இல் அதைக் கைவிட்டு, எல்லோருக்கும் 58 என்று அறிவித்தார்கள். தேவையைப் பார்ப்போம், இனத்தைப் பார்க்க மாட்டோம் என்பது அரசின் விளக்கம். 50 வயதில் நோய் வருபவரின் தேவை 58இல் எப்படித் தொடங்கும் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

கட்டுரையின் அடுத்த பகுதியில் ஆஸ்திரேலியா, கனடா பற்றி எழுதப்போவதாக அறிவித்திருக்கிறீர்கள். நாட்டின் மொத்த எண்ணிக்கையோடு நிறுத்தாமல், தொல்குடி மக்களின் எண்ணிக்கையை வயது வாரியாகப் பிரித்துத் தரும்படி கட்டுரையாளரிடம் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஹாமில்டன், நியூசிலாந்து.