சாட்டர்னுக்காக ஒரு வாதம்

சாட்ஸ்வொர்த், டர்பன்

அன்புள்ள செல்வா,

உன் கடிதம் வந்து நான்கு மாதங்கள் ஆகிவிட்டன. அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை, அதையடுத்துச் சித்திராப் பௌர்ணமிக் காவடி என்று நாள்கள் ஓடினாலும், பதில் எழுதாதது என் தவறுதான், மன்னித்துவிடு. அம்மா இப்போது நலம். பெரியம்மா உன்னை விசாரித்தார்கள். லெனேசியாவில் குளிர் தொடங்கியிருக்கும், உடம்பைப் பார்த்துக்கொள்.

போன சனிக்கிழமை அம்மா வீட்டுப் பின்னறையை ஒழித்தபோது, தீபாவளிப் பலகாரப் பாத்திரங்களுக்கு அடியில் நம்முடைய கோல்டன் சைனா டிவி கேம் கிடைத்தது. நம் தெருவில் பாதி வீடுகளில் இருந்த அந்தப் பெட்டி, ஜப்பானில் 1983இல் வெளிவந்த, நின்டெண்டோ நிறுவனத்தின் ஃபேமிகாம் பெட்டியின் நகல் என்பதை நாம் எவ்வளவு காலம் கழித்துத் தெரிந்துகொண்டோம்! அதைக் கையில் எடுத்தவுடன், பழைய வீடியோ கேம் பெட்டிகளில், அதாவது கன்சோல்களில், எதைச் சின்ன வடிவில் மறுபடி வெளியிட வேண்டும் என்று நீ எழுதியிருந்த கேள்வி மீண்டும் நினைவுக்கு வந்தது. அன்றிரவு தூக்கமே இல்லை.

நின்டெண்டோ 64 என்பது உன் பதில். நான்கு பேர் ஒன்றாக உட்கார்ந்து ஆடிய பெட்டி என்பதால் உனக்கு அதன்மேல் அன்பு. அதை நான் மறுக்கவில்லை. நீ அன்று என்னைத் தோற்கடித்ததை இன்னும் மறக்கவும் இல்லை. ஆனால் அதன் முக்கிய ஆட்டங்களில் பலவற்றை இன்று நின்டெண்டோவின் சந்தாச் சேவையிலேயே ஆடலாம். வேறு வழியில் கிடைக்கிற ஒன்றுக்குச் சின்னப் பெட்டி எதற்கு? வேறெங்கும் கிடைக்காமல் அழிந்துகொண்டிருக்கிற ஆட்டங்களைக் காப்பாற்றுவதற்காகவே இந்தப் பெட்டிகள் செய்யப்பட வேண்டும் என்பது என் எண்ணம். அப்படிப் பார்த்தால் முதல் உரிமை சேகா நிறுவனத்தின் சாட்டர்ன் கன்சோலுக்கே.

1994 நவம்பரில் ஜப்பானில் வந்த சாட்டர்னை நாம் பத்திரிகைப் படங்களில் மட்டுமே பார்த்தோம். அதன் நல்ல ஆட்டங்களில் ஏராளமானவை ஜப்பானைத் தாண்டவே இல்லை. தாண்டியவற்றிலும் 'பான்சர் டிராகூன் சாகா'வின் நிலையைப் பார்: 1998இல் நான்கு குறுந்தட்டுகளில் வந்த அந்த ஆட்டம் அதன்பின் எந்தப் பெட்டியிலும் மறுபடி வெளிவரவில்லை. மூலத் தட்டுகள் வைத்திருப்பவர்கள் கேட்கும் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாதது. ஒரு நல்ல படைப்பு பணக்காரச் சேகரிப்பாளர்களின் அலமாரியில் மட்டும் வாழ்வது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

இது எளிய வேலை இல்லை என்பதும் எனக்குத் தெரியும். சாட்டர்னுக்குள் இரண்டு முதன்மைச் செயலிகள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. உருவங்களை வரைய ஒரு சில்லு, பின்னணிக்கு இன்னொன்று. மற்றவர்கள் முக்கோணங்களால் உருவங்களை அமைத்தபோது அது நாற்கரங்களால் அமைத்தது. இவை அனைத்தையும் ஒரு மலிவான சில்லில் பிசகாமல் நடித்துக் காட்டுவது கடினம். 2022இல் தன் பழைய மெகா டிரைவ் கன்சோலின் சின்ன வடிவமான மெகா டிரைவ் மினியின் இரண்டாம் பதிப்பை வெளியிட்டபோது, சாட்டர்ன், அதற்குப் பின்வந்த டிரீம்காஸ்ட் ஆகியவற்றையும் எண்ணிப் பார்த்ததாகவும் செலவு தடுத்ததாகவும் சேகா தரப்பிலேயே சொன்னார்கள். ஆகவே விலை கூடினாலும் பரவாயில்லை, ஆனால் சரியாகச் செய்ய வேண்டும் என்றுதான் நான் கேட்கிறேன்.

சரியாகச் செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு 2018 டிசம்பரில் வந்த சோனியின் சின்னப் பெட்டியான பிளேஸ்டேஷன் கிளாசிக் சாட்சி. மேற்கு நாடுகளுக்கான பதிப்பில் இருந்த 20 ஆட்டங்களில் 9, ஐரோப்பிய 50 ஹெர்ட்ஸ் வடிவங்கள். நொடிக்கு 60 முறை புதுப்பிக்கப்பட வேண்டிய படம் 50 முறையே புதுப்பிக்கப்படும். வேகத்தைத் தனியாகச் சரிசெய்யாத ஆட்டம் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடும். நம் நாட்டுத் தொலைக்காட்சியும் அதே 50 ஹெர்ட்ஸ் பால் (PAL) முறையைச் சேர்ந்தது என்பதால், அந்த மந்தமான ஓட்டத்தையே இயல்பு என்று நினைத்து வளர்ந்தவர்கள் நாம். இப்போதாவது உரிய வேகத்தில் ஆடலாம் என்று காத்திருந்தவர்களுக்கு மறுபடியும் அதையே கொடுத்ததை என்னால் ஏற்க முடியவில்லை, செல்வா. அதற்கு மறு ஆண்டே எம்2 நிறுவனத்தார் 42 ஆட்டங்களோடு செய்துகொடுத்த முதல் மெகா டிரைவ் மினியில், மொழியை மாற்றினால் அந்தந்த நாட்டுப் பதிப்பே ஓடும். அக்கறை இருந்தால் முடியும் என்பதற்கு அதைவிட வேறென்ன வேண்டும்? சாட்டர்னையும் அவர்கள் கையிலேயே ஒப்படைக்க வேண்டும்.

கோல்டன் சைனாவை யாரும் மறுபடி வெளியிட மாட்டார்கள். நகலுக்கு அந்த உரிமையும் இல்லை. அதன் மூலமான ஃபேமிகாமுக்கு 2016இலேயே ஜப்பானில் 30 ஆட்டங்களோடு ஒரு சின்னப் பெட்டி வந்துவிட்டது. ஆனால் பெட்டியோடு சேர்ந்தே இருக்கும் அதன் கண்ட்ரோலர்கள், நம் வயதுக் கைகளுக்குள் தொலைந்துபோகும் அளவுக்குச் சிறியவை. நம்முடையதோ முழு அளவில் இருக்கிறது, மின்சாரம் கொடுத்ததும் சிவப்பு விளக்கும் எரிந்தது. இரண்டாவது கண்ட்ரோலரின் அறுந்த வயரைப் பற்றவைத்துவிட்டேன். கேசட்தான் ஒன்றுகூட இல்லை. கடைசியாக இருந்த மஞ்சள் கேசட்டை நீதான் இரவல் வாங்கிப்போனாய். டிசம்பர் விடுமுறைக்கு வரும்போது அதை மறக்காமல் கொண்டு வா.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக்காரன்