அந்தக் கோடிகளை நான் பார்த்ததில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வழக்கில் சிக்கிய சிறுவர்களை விசாரணை முடியும்வரை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்திலிருந்து சுவரேறிக் குதித்து ஓடிப்போன நான்கு சிறுவர்களைப் பற்றிப் போன வாரம் உங்கள் நாளிதழில் வந்த செய்தியின் கடைசி வரி இது: “கோடிக்கணக்கில் அரசு செலவிட்டும் இளம் குற்றவாளிகள் திருந்துவதாகத் தெரியவில்லை.” எழுதிய நிருபர் வயதில் சின்னவராக இருக்கலாம், அவர்மேல் எனக்கு வருத்தம் இல்லை. அச்சுக்குப் போகும் முன் அந்த வரி உங்கள் அலுவலகத்தில் ஒருவருக்குக்கூட உறுத்தவில்லையே என்பதுதான் மூன்று நாளாக மனதை அறுக்கிறது.

நான் நன்னடத்தை அலுவலராக 27 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அந்தக் கோடிகளை ஒரு நாளும் கண்ணால் பார்த்ததில்லை.

பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு சிறுவனை, சிறுவர் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தில் முதன்முதலாக ஆஜர்படுத்திய நாளிலிருந்து 15 நாளுக்குள் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். உங்களுக்குத் தெரியாததல்ல, அவனுடைய தலையெழுத்தே அந்த அறிக்கையில்தான் இருக்கிறது. வீட்டுக்குப் போக வேண்டும், பள்ளிக்கூடத்தில் விசாரிக்க வேண்டும், அக்கம்பக்கத்தில் பேச வேண்டும். என் பெயரில் ஒரே நேரத்தில் எழுபது கோப்புகளுக்குக் குறைந்ததில்லை. இரண்டு பஸ் மாறிப் போய், மூன்று கிலோமீட்டர் நடந்து, பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிய நாட்கள் அதிகம். பயணப்படிக்கு எழுதிக் கொடுத்தால் எட்டு மாதம் கழித்து “நிதி ஒதுக்கீடு இல்லை” என்ற குறிப்போடு திரும்பி வரும். வீட்டு வாசலை மிதிக்காமல், போலீஸ் எழுதியதையே வார்த்தை மாற்றி எழுதிக் கொடுத்த அறிக்கைகள் எங்கள் துறையில் உண்டு. நானே இரண்டு முறை அப்படி எழுதியிருக்கிறேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

செல்போன் திருடியதாக ஒரு பையன் வந்தான். வயது 15. அப்பா இல்லை. குழுமம் முதல் நாளே ஜாமீன் கொடுத்துவிட்டது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 12-ஆவது பிரிவும் அதைத்தான் சொல்கிறது: குற்றம் ஜாமீனில் விடக்கூடியதோ இல்லையோ, வெளியே விட்டால் அவனுக்கே ஆபத்து, கெட்ட சகவாசத்தில் சேர்ந்துவிடுவான், நீதிக்கே கேடு என்று நினைக்கக் காரணம் இருந்தாலொழிய சிறுவனை விட்டுவிட வேண்டும். விட்டால் கூட்டிப் போக அம்மா வர வேண்டுமே. அந்த அம்மா முன்பணம் வாங்கிக்கொண்டு வேறு மாவட்டத்துச் செங்கல் சூளையில் இருந்தார். தேடிப் போய் அழைத்து வர எங்களிடம் ஆளும் கிடையாது, வண்டியும் கிடையாது. கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் கைக்காசில் நானே போய் அழைத்து வந்தேன். அதற்குள் 41 நாள் அவன் கூர்நோக்கு இல்லத்தில் கழித்துவிட்டான். வயதைப் பார்த்து, வழக்கின் தன்மையைப் பார்த்துப் பிரித்து வைக்க வேண்டும் என்று சட்டத்தில் இருக்கிறது. இருந்ததோ ஒரே கூடம். செல்போன் வழக்கில் வந்தவனும் கொலை வழக்கில் வந்தவனும் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்தார்கள். ஏழு மாதத்தில் அவன் கூட்டுக்கொள்ளை வழக்கில் திரும்பி வந்தான். “யாரோடடா சேர்ந்தே?” என்று கேட்டேன். “இங்க பழகுனவங்கதான் மேடம்” என்றான்.

திருந்தவில்லை என்று எழுதுகிறீர்களே, அவனை அந்த 41 நாள் உள்ளே வைத்திருந்தது யார்?

சுவரேறிக் குதித்தார்கள் என்று எழுதினீர்கள், சரி. அன்றைக்கு இரவுப் பணியில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று கேட்டீர்களா? நான் வேலை பார்த்த ஓர் இல்லத்தில் 38 பையன்களுக்கு இரவில் ஒரே ஒரு காவலர், அவருக்கும் சர்க்கரை வியாதி. தையல் பயிற்றுநர் ஓய்வு பெற்றுப் போன பிறகு அந்த இடத்துக்கு ஆளே வரவில்லை. ஆறு தையல் எந்திரங்கள் துணி போர்த்தி மூலையில் கிடந்தன. காலை ஒன்பது மணிக்குச் சாப்பிட்டு முடித்த பதினேழு வயதுப் பையன் மாலை ஆறு மணி வரை என்ன செய்வான்? சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருப்பான்.

உங்கள் செய்தியில் அந்த நான்கு பேரின் ஊரும், ஒருவனுடைய அப்பா செய்யும் தொழிலும் இருந்தன. 74-ஆவது பிரிவு இதைத் தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். முகத்தை மறைத்துவிட்டு ஊர்ப் பெயரைப் போட்டால் அந்த ஊரில் யாருக்குத்தான் தெரியாது? இப்படி ஒரு செய்தி வந்ததாலேயே மெக்கானிக் கடையில் வேலை இழந்த பையனை எனக்குத் தெரியும். அவனுடைய அம்மா அந்தப் பக்கத்தை நான்காக மடித்து எடுத்து வந்து என் மேசைமேல் வைத்துவிட்டு, ஒரு வார்த்தை பேசாமல் நின்றார். பன்னிரண்டு வருடம் ஆகிறது. அன்றைக்கே உங்களுக்கு எழுதியிருக்க வேண்டும்.

குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் இந்தியாவிலேயே முதலில் வந்தது நம் சென்னை மாகாணத்தில், 1920-இல். வங்காளத்தில் 1922, பம்பாயில் 1924. அப்படிப்பட்ட மண்ணில் இருந்துகொண்டு, 2015-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இளைஞர் நீதிச் சட்டத்தைக் காட்டி எல்லாம் மேலிருந்து வரட்டும் என்று உட்கார்ந்திருக்கிறோம். 2012 டெல்லிக் கொடுமைக்குப் பிறகு தொலைக்காட்சிகளும் பத்திரிகைகளும் பதினாறு வயதுக்காரனைப் பெரியவனாக வைத்து விசாரிக்கலாமா என்ற ஒன்றை மட்டும்தான் பேசின. அதைச் சொல்லும் 15-ஆவது பிரிவு எல்லோருக்கும் மனப்பாடம். 105-ஆவது பிரிவை யாராவது படித்தார்களா? இந்தக் குழந்தைகளின் நலனுக்கும் மறுவாழ்வுக்கும் மாநில அரசு ஒரு நிதியத்தை “ஏற்படுத்தலாம்” என்கிறது அது. “வேண்டும்” இல்லை, “லாம்”. ஆண்டுக்கு எவ்வளவு போட வேண்டும் என்று அதில் ஒரு வரி கிடையாது. என் 27 வருடமும் அந்த “லாம்”மில்தான் போயிற்று.

குழந்தைகள் பாதுகாப்புக்கான மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மத்திய அரசு 60 பங்கு, மாநிலம் 40 பங்கு. இல்லத்தில் இருக்கும் ஒரு குழந்தையின் பராமரிப்புக்கு மாதம் 3,000 ரூபாய், அதாவது நாளைக்கு நூறு ரூபாய். வளரும் பையனுக்குச் சாப்பாடு, துணி, சோப்பு எல்லாம் அதற்குள். உங்கள் கோடிகளை இந்தப் பக்கத்திலிருந்து ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

2022 கடைசியில் செங்கல்பட்டு இல்லத்தில் 17 வயதுச் சிறுவன் ஒருவன் உயிரிழந்தான். அங்கே பணியாற்றியவர்களே கைதானார்கள். ஓய்வு பெற்ற நீதிபதி கே. சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தார்கள், 2023-இல் அவர் அறிக்கை தந்தார். சமூகப் பாதுகாப்புத் துறை என்றிருந்த எங்கள் துறைக்குக் குழந்தைகள் நலன் மற்றும் சிறப்புச் சேவைகள் துறை என்று புதுப் பெயரும் வந்திருக்கிறது. பெயர் நன்றாகவே இருக்கிறது. இத்தனை குழந்தைகளுக்கு ஒரு நன்னடத்தை அலுவலர், இரவில் இத்தனை காவலர், பயணத்துக்கு இவ்வளவு, தொழிற்பயிற்சிக்கு இவ்வளவு, இதை ஒதுக்காமல் வரவு செலவுத் திட்டம் நிறைவேறக் கூடாது என்று சட்டத்தில் எழுதினால்தான் அந்தப் பெயருக்கு அர்த்தம் வரும். இந்தச் சட்டத்துக்கான 2017-ஆம் ஆண்டு மாநில விதிகளைத் திருத்துகிறார்களோ, சட்டமன்றத்தில் தனிச் சட்டமே கொண்டு வருகிறார்களோ, ஏதோ ஒரு வழியில் அந்த “லாம்” போக வேண்டும்.

உங்களிடம் நான் கேட்பது மிகவும் சின்னது. விசாரணை முடியாத பிள்ளைகள் குற்றவாளிகள் அல்ல. “இளம் குற்றவாளிகள்” என்று எழுதியதற்கு இரண்டு வரியில் ஒரு திருத்தம் போடுங்கள், எந்தப் பக்கத்தின் எந்த மூலையில் என்றாலும் சரி. அடுத்த முறை சட்டமன்றத்தில் இந்தத் துறையின் மானியக் கோரிக்கை வரும்போது, அதே நிருபரை முழு நேரமும் மாடத்தில் உட்காரச் சொல்லுங்கள். கூர்நோக்கு இல்லங்களுக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எத்தனை இடங்கள் காலி என்று அவர் கேட்டு வந்து எழுதட்டும். கோப்புகளை எப்படிப் படிப்பது என்று தெரிய வேண்டுமென்றால் நான் வீட்டில்தான் இருக்கிறேன், அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நன்னடத்தை அலுவலர் ஒருவர்