டா நாங்கா, ஹோய் ஆனா? வியட்நாம் டூர் நடத்துபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டிலிருந்து வியட்நாமுக்கு ஆட்களைக் கூட்டிப்போகும் டூர் ஆபரேட்டர்களுக்கு,

வணக்கம். ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் மேல் புகார் சொல்ல இதை எழுதவில்லை. நான் போய்வந்த டூரின் திட்டமும், அதற்கு முன் விலை விசாரித்தபோது வாட்ஸ்அப்பில் வந்து விழுந்த மற்ற திட்டங்களும் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தன. விலையும் ஹோட்டலின் நட்சத்திரமும்தான் மாறின. அதனால் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

மத்திய வியட்நாமுக்கு நீங்கள் போடும் திட்டம் உங்களுக்கே மனப்பாடமாக இருக்கும். கடலோர மாநகரமான டா நாங்கில் விமானம் இறங்கியதும் மீ கே கடற்கரைப் பக்கம் ஒரு ஹோட்டல். மறுநாள் காலை முதல் மாலை வரை பா நா ஹில்ஸ் என்ற மலைமேல் பொழுதுபோக்குப் பூங்கா. அடுத்த நாள் மார்பிள் மலை, பெரிய வெள்ளைச் சிலை, அன்று மாலையே பழைய துறைமுக ஊரான ஹோய் ஆன். நாலரை மணிக்கு பஸ்ஸை விட்டு இறங்கினால் எட்டரைக்குத் திரும்ப பஸ். நடுவில் விளக்குப் படகு, இந்தியன் ரெஸ்டாரண்டில் சாப்பாடு. பயணத் தாளில் இதற்குப் பெயர் 'ஹோய் ஆன் பழைய நகரம் சுற்றிப் பார்த்தல்'.

அந்த நாலு மணி நேரம் எப்படிப் போகிறது என்று நீங்களே ஒருமுறை கூட்டத்தோடு நடந்து பாருங்கள். உங்கள் பஸ் வரும் அதே நேரத்தில்தான் டா நாங்கில் தங்கியிருக்கும் எல்லாருடைய பஸ்ஸும் வருகிறது. ஆற்றோரத் தெருவில் தோள் இடிக்காமல் நடக்க முடியாது. து போன் ஆற்றில் படகோடு படகு முட்டுகிறது. ஜப்பானியப் பாலத்தின் முன்னால் போட்டோவுக்கு வரிசை. 1590-களில் கட்டத் தொடங்கிய பாலம் அது. ஒரு முனையில் நாய்ச் சிலைகள், மறு முனையில் குரங்குச் சிலைகள், நடுவில் சின்னக் கோயில். பழுது பார்த்து 2024-ல்தான் மறுபடி திறந்தார்கள். அந்த ஊர் 20,000 டாங் நோட்டில் அதன் படம் இருக்கிறது. எங்கள் குழுவில் பாதிப் பேர் பாலத்தை நோட்டில்தான் ஒழுங்காகப் பார்த்தார்கள்.

அதே தெரு காலை ஆறு மணிக்கு வேறு ஊர். குழுவை விட்டு ஒரு ராத்திரி அங்கேயே தங்கிவிட்டதால் எனக்கு இது தெரியும். மஞ்சள் சுவர்களில் பாசி, கவிழ்த்தும் மல்லாத்தியும் அடுக்கிய நாட்டோட்டுக் கூரை, ஒவ்வொரு வாசல் நிலைக்கு மேலேயும் மரத்தில் கடைந்த இரண்டு வட்டக் கண்கள். வீட்டுக்குக் காவலாம். மாலைக் கூட்டத்தில் அந்தக் கண்களை யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. சந்தையில் கீரைக்கட்டும் புதினாவும் பரப்பிக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள், கடைக்காரர்கள் வாசலில் ஊதுவத்தி ஏற்றுகிறார்கள். தான் கீ என்ற பழைய வணிகர் வீட்டின் சுவரில், எந்த வருஷம் எவ்வளவு வெள்ளம் ஏறியது என்று கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். 1964-ஆம் வருஷத்துக் கோடு என் தலைக்கு மேலே இருந்தது.

துணிக் கதை தனி. ஹோய் ஆன் தையல்காரர்களுக்குப் பெயர் போன ஊர். இன்று அளவு கொடுத்தால் நாளைக்குள் தைத்துக் கொடுப்பார்கள். ஆனால் போட்டுப் பார்த்துச் சரிசெய்ய ஒரு நாள் இடைவெளி வேண்டும். உங்கள் பஸ்ஸில் வரும் நம் பெண்கள் கடை வாசலில் நின்று பட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, 'டைம் ஆச்சு' என்ற குரலுக்கு ஓடி வருகிறார்கள்.

டா நாங்கைக் குறை சொல்கிறேன் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். கடலுக்காக வருகிறவர்களுக்கு அது அருமையான ஊர். விடிவதற்கு முன்பே உள்ளூர்க்காரர்கள் குடும்பம் குடும்பமாக மீ கே கடலில் குளித்துவிட்டு வேலைக்குப் போகிறார்கள். அகலமான நடைபாதை, லிஃப்ட் உள்ள ஹோட்டல், பக்கத்திலேயே ஆஸ்பத்திரி. கைக்குழந்தையோ முழங்கால் வலி உள்ள அப்பா அம்மாவோ கூட இருந்தால் நானே டா நாங்கைத்தான் சொல்வேன். ஹோய் ஆன் பழைய தெருக்களுக்குள் குறிப்பிட்ட நேரங்களில் வண்டி விடமாட்டார்கள், வெயிலில் நடந்துதான் ஆக வேண்டும்.

இரண்டு ஊரும் எதிரும் புதிருமானவை என்று நினைப்பதும் பாதிதான் சரி. ஜப்பானியரும் சீனரும் போர்த்துக்கீசியரும் டச்சுக்காரரும் வந்து சரக்கு வாங்கிய துறைமுகம் ஹோய் ஆன். ஆற்று முகத்துவாரத்தில் மணல் சேர்ந்து பெரிய கப்பல்கள் வர முடியாமல் போனது. 19-ஆம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர்கள் டா நாங்கைத் துறைமுகமாக வளர்த்தார்கள், வியாபாரம் அங்கே போய்விட்டது. பணம் போன ஊரில் பழைய வீட்டை இடித்துப் புதிது கட்ட ஆள் இல்லை. அதனால்தான் 1999-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்க்க அங்கே ஏதோ மிஞ்சியிருந்தது. 2025 ஜூலையில் மாகாணங்களை இணைத்தபோது ஹோய் ஆனையும் டா நாங் மாநகரின் நிர்வாகத்துக்குள் கொண்டுவந்துவிட்டார்கள். வரைபடத்தில் இரண்டும் ஒன்று, சரி. ஆனால் பயணிக்கு இன்னும் முப்பது கிலோமீட்டர், இரண்டு தனி ஊர்.

எனக்குக் கோபம் வருவது பா நா ஹில்ஸ் விஷயத்தில்தான். கேபிள் காரில் மேலே போனால் பழைய பிரெஞ்சு ஊர் மாதிரி புதிதாகக் கட்டிய ஊர், இரண்டு பெரிய கைகள் தாங்கும் பாலம். பாலம் திறந்தது 2018-ல். போகட்டும், பிள்ளைகளுக்குப் பிடிக்கும், எனக்கும் கேபிள் கார் பிடித்தது. ஆனால் போலிப் பழைய ஊருக்கு முழு நாள், நிஜப் பழைய ஊருக்கு நாலு மணி நேரம் என்ற கணக்கை யார் போட்டது?

அப்புறம் மீ சன். ஹோய் ஆனிலிருந்து ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். மத்திய வியட்நாமை ஆண்ட சம்பா அரசர்கள் பல நூற்றாண்டுகள் சிவனுக்குக் கட்டிய செங்கல் கோயில்கள், சமஸ்கிருதக் கல்வெட்டுகள். 1969-ல் அமெரிக்கக் குண்டுவீச்சில் பெரிதாக அடிபட்டது. நம் இந்தியத் தொல்லியல் துறை அங்கே சீரமைப்புப் பணி செய்தது. 2020-ல் அந்தப் பணியின்போதுதான் ஒரே கல்லாலான 9-ஆம் நூற்றாண்டுச் சிவலிங்கம் கிடைத்தது. ராமேஸ்வரத்துக்கும் காசிக்கும் குழு கூட்டிப்போகும் உங்களில் பலர் இதைப் பயணத் தாளில் ஒரு வரிகூடச் சேர்ப்பதில்லை. மீ சன் வரை போக நேரம் இல்லை என்றால், டா நாங்கிலேயே சம்பா மக்களான சாம்களின் சிற்ப அருங்காட்சியகம் இருக்கிறது. கிண்ணத்திலிருந்து தும்பிக்கையால் தின்பண்டம் எடுக்கும் நின்ற கோலப் பிள்ளையாரை அங்கே பார்க்கலாம். வார இறுதியில் இரவு ஒன்பது மணிக்கு நெருப்பு கக்குவதைக் காட்ட நீங்கள் கூட்டிப்போகும் டிராகன் பாலத்தின் வால் பக்கத்தில்தான் அந்தக் கட்டடம். நீங்கள் போகும் நேரத்துக்கு அது பூட்டியிருக்கும்.

இன்னொன்று, இதுதான் அவசரம். 'தீபாவளி ஸ்பெஷல் வியட்நாம்' விற்பதை நிறுத்துங்கள். அல்லது மழை விஷயத்தைச் சொல்லி விற்றுக்கொள்ளுங்கள். நமக்கு ஐப்பசி மழை கொடுக்கும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான் அந்தக் கரையிலும் அடிக்கிறது. அக்டோபர், நவம்பரில் கடல் பெரும்பாலும் இறங்க முடியாதபடி கொந்தளிக்கும், ஹோய் ஆனில் ஆறு தெருவுக்கும் வரலாம். 2025-ல் தீபாவளி முடிந்த மறுவாரம் பழைய நகரம் வெள்ளத்தில் மூழ்கி, பயணிகளைப் படகில் ஏற்றி வெளியேற்றினார்கள். கடலும் இல்லை, ஊரும் இல்லை என்ற மாதத்தில் எந்த ஊரைத் தேர்ந்தெடுத்து என்ன? நம் பள்ளிக்கூட விடுமுறையான ஏப்ரல், மே அங்கே நல்ல காலம். மழை குறைவு, கடலும் அமைதி.

'வாடிக்கையாளரே பீச் ஹோட்டல்தானே கேட்கிறார்கள்' என்று சொல்வீர்கள். நீங்கள் வேறு எதையும் காட்டாதபோது வேறு என்ன கேட்பார்கள்? சாப்பாடு ஒரு காரணம் என்றால், ஹோய் ஆனிலும் இந்தியச் சாப்பாடு கிடைக்கிறது. சுத்த சைவக்காரர்களுக்கு 'சாய்' என்று பலகை போட்ட கடைகள் உண்டு. அமாவாசை, பௌர்ணமியில் சைவம் சாப்பிடும் பழக்கம் அங்கேயும் இருக்கிறது. பதினான்காம் பிறை இரவில் பழைய நகரத்தில் மின்விளக்கைக் குறைத்து, காகித விளக்கொளியில் தெருவை விடுவார்கள். நம் வீட்டுக் காலண்டரைப் பார்த்தாலே அந்தத் தேதி தெரிந்துவிடும். அதை வைத்துக் குழு கிளம்பும் நாளைக் குறிக்க முடியாதா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முன்பணம் வாங்குவதற்கு முன் 'கடல் முக்கியமா, பழைய ஊர் முக்கியமா' என்று கேளுங்கள். கடல் என்பவரை டா நாங்கில் நிம்மதியாக விடுங்கள், ஹோய் ஆனுக்கு அவரை மாலைக்குப் பதிலாகக் காலை ஏழு மணிக்குக் கூட்டிப்போங்கள். பழைய ஊர் என்பவருக்கு ஹோய் ஆனில் இரண்டு இரவு போடுங்கள். அங்கிருந்து ஆன் பாங் கடற்கரை நாலைந்து கிலோமீட்டர்தான், கடலையும் இழக்க மாட்டார். ஹோட்டல் பெயரோடு அது பழைய நகரத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் எழுதுங்கள். 'ஹோய் ஆன்' என்று பெயர் வைத்துக்கொண்டு நெடுஞ்சாலையோரம் நிற்கும் ரிசார்ட்டுகள் எத்தனை என்பது உங்களுக்கே தெரியும்.

கோடை விடுமுறைக்கான விலைப்பட்டியல் இன்னும் அச்சுக்குப் போயிருக்காது என்ற நம்பிக்கையில்,

அடுத்த முறை அக்கா குடும்பத்தையும் கூட்டிப்போக டிக்கெட் விலை பார்த்துக்கொண்டிருக்கும்
உங்கள் வாடிக்கையாளர் ஒருவர்